நாடு: ஒரு சொல், பல அளவு

‘நாடு’ என்றால் இன்று இந்தியா, இலங்கை போன்ற அரசுகளே முதலில் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையில் அச்சொல்லின் அளவு வேறு. அங்கே புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்பவை திருப்பத்தூர் மாவட்டத்து ஊராட்சிகள். சாமை விளையும் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு.

இது பழைய வழக்கின் எச்சம். சோழர் கல்வெட்டுகளில் ஊர்கள் பல கூடியது நாடு. நாடுகள் பல கூடியது வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். வளநாடு என்ற பிரிவு முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் ஏற்பட்டது. தொண்டை மண்டலத்திலோ நாட்டுக்கு மேலே கோட்டம் இருந்தது. எடுத்துக்காட்டாக, சங்க நூலான மலைபடுகடாம் பாடும் தலைவன் நன்னனின் செங்கம், ஜவ்வாது மலையை அடுத்த ஊர். அது பல்குன்றக் கோட்டத்தைச் சேர்ந்தது. நாட்டின் வேளாண் பெருமக்கள் ‘நாட்டார்’ என்ற பெயரில் கூடி, நிலக்கொடை, வரி முதலியவற்றைக் கவனித்தனர்.

சமவெளியில் பிற்கால அரசுகள் புதிய பிரிவுகளை வகுத்தபோது நாடு மெல்ல மறைந்தது. மலைகளில் அது நிலைத்தது. ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினரான மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள்; முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்பவர்கள். அவர்களின் உறவினர் வாழும் கொல்லிமலையிலும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என இதே அமைப்பு உண்டு.

நாட்டுக்கு எதிர்ச்சொல் இடத்துக்கு இடம் மாறும். காட்டோடு சேரும்போது அது மக்கள் குடியேறி உழுத நிலம். நகரத்தோடு சேரும்போது நாட்டுப்புறம். நாட்டுக்கோழி, நாட்டு ஓடு என முன்னொட்டாகும்போது ‘நம் மண்ணுக்குரியது’ என்று பொருள். அங்கே அதற்கு எதிர், சீமை. எல்லை என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்த சீமை, முதலில் நாட்டுப் பகுதியைக் குறித்தது. பின்னர் இங்கிலாந்தைக் குறித்து, சீமை எண்ணெய் எனக் கடல் கடந்து வந்த பொருள்களுக்கெல்லாம் அடைமொழியாயிற்று. தேயம், தேசம், இராச்சியம் ஆகியவையும் நாட்டுக்கு ஒத்த சொற்களே. ஆனால் ‘தேசக்கோழி’ என்று எவரும் சொல்வதில்லை. வேளாண் மண்ணோடு ஒட்டிய பொருளை நாடு மட்டுமே தாங்குகிறது.

மாநிலத்தின் பெயரிலும் நாடு சேர்ந்தது. பெயரை மாற்ற 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதன்பின் புதூர்நாட்டுக்குச் செல்லும் கடிதத்தின் முகவரியில் இச்சொல் இருமுறை வருகிறது: முதல் வரியில் மலைச் சிற்றூர்களின் தொகுதியாக, கடைசி வரியில் மாநிலமாக.