பரதேசி

‘பர’ என்றால் பிற. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லின் முதற்பொருள் வேற்றுத் தேசத்தார் என்பதே. கொச்சியில் 1568இல் எழுந்த யூதர் ஆலயத்துக்குப் ‘பரதேசி’ என்றே பெயர்; கட்டியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அதில் இழிவு ஏதுமில்லை.

தமிழில், வீட்டைத் துறந்து தலயாத்திரை போனவரும் பரதேசி. சத்திரத்தில் அவருக்கு இலை போட்டார்கள். அவர் தாமே விரும்பி வீட்டை விட்டவர். கடன், மனநோய், குடிசை அகற்றம் என்று வீடு கைவிட்டுப் போனவருக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது, மரியாதை ஒட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு மூலையில் சாக்கு விரித்தவரை “எந்திரிடா பரதேசி” என்று விரட்டுகிறோம். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான்!

இப்படி வீடிழந்தவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வீடற்றோர்’ என்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவில் அவர்களைத் தேடித்தேடி எண்ணினார்கள்: நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர்.