ஆலைக்குதிரை முதல் ஸ்கேனர் வரை

பர்மிங்காமின் சோஹோவில் மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் நீராவி இயந்திரம் விற்ற நாட்களில், அதற்கு விலை சொல்வதே பெரும்பாடு. சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: பழைய நியூகாமன் இயந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் இருவருக்கும். 1780களில் சக்கரம் சுழற்றும் இயந்திரம் வந்தபோது, வாங்க வந்த ஆலைக்காரர்கள் பலரிடம் பழைய இயந்திரமே இல்லை, குதிரைகள்தான் இருந்தன. எனவே வாட் குதிரையை அளந்தார். 12 அடி ஆரமுள்ள வட்டம், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுவிசை. பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 32,500 அடி-பவுண்டு. கடைசியில் ஒரு குதிரைத்திறன் 33,000 என்று நிலைபெற்றது. நாள் முழுக்க இப்படி இழுக்கச் சாதாரணக் குதிரையால் ஆகாது. பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் கணக்கு 23,000-ஐக்கூட எட்டவில்லை. இயந்திரம் வாங்கியவருக்கு அதனால் நஷ்டமில்லை.

வாட் திறனை நேரடியாகப் பார்க்கவில்லை. விசை, தூரம், நேரம் மூன்றையும் பிடித்து, பெருக்கி எடுத்தார். இந்த எண் போன இடமெல்லாம் அந்தப் பெருக்கலும் கூடவே போனது.

1821-இல் பிரான்சின் காஸ்பார் த ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து அதன் முறுக்குவிசையை அளக்கும் பிரேக்கைச் செய்தார். எஞ்சின் திறனை அளக்கும் இன்றைய டைனோவின் மூதாதை அது. அதன்பின் இந்த எண் சோதனைக்கூடத்துக்குள் குடிபுகுந்தது; கூடம் வைத்திருப்பவர் சொன்னதே கணக்கு. அமெரிக்க கார் கம்பெனிகள் 1971 வரை ஆல்டர்னேட்டரையும் காரில் பொருத்தும் சைலன்சரையும் கழற்றிவிட்டு எஞ்சினை அளந்தன. 1972-இல் அவற்றையெல்லாம் மாட்டி அளக்கும் முறைக்கு மாறியபோது, அதே எஞ்சினின் எண் காகிதத்தில் சட்டென்று இறங்கியது.

கார் வைத்திருப்பவரின் கைக்கு அந்த எண் வந்து சேர்ந்த வழி யாரும் திட்டமிட்டதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்துக்கு, கார்ப்புகை மீது வெயில் படுவது ஒரு முக்கியக் காரணம் என்று கால்டெக்கின் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிஃபோர்னியாவில் பிறந்த புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வளர்ந்து, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற 16 முனை சாக்கெட் கட்டாயமாயிற்று. புகைக்கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அது. ஆனால் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று என்று கேட்டதையெல்லாம் அது சொல்லும். ஸ்கேனரைச் செருகிப் பதிவு செய்தால் வாட்டின் பெருக்கலை நாமே போடலாம்.

ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. வேகத்தைக் கடக்கும்போது, அதாவது நொடிக்கு 25 மீட்டரில், முடுக்கம் நொடிக்கு நொடி 2 மீட்டர் என்றால் 1,400-ஐ 2-ஆலும் 25-ஆலும் பெருக்க 70 கிலோவாட். எதிர்க்காற்றைப் பிளக்க 6, டயர் உருள 4. மொத்தம் 80 கிலோவாட், சக்கரத்தில் ஏறக்குறைய 107 குதிரைத்திறன். கியர்பாக்ஸிலும் அச்சிலும் 15 சதவீதம் தொலைகிறது என்று கொண்டால் எஞ்சினில் 126.

சிக்கல் அந்த முடுக்கத்தில் இருக்கிறது. ஓபிடி-2 வேகத்தை ஒரே பைட்டில், முழுக் கிலோமீட்டராகத்தான் தரும். 90-க்கும் 91-க்கும் நடுவே எதுவும் கிடையாது. பழைய கார்களில் நொடிக்கு நாலு பதில் வந்தாலே பெரிது. கால் நொடி இடைவெளியில் வேகம் 1 கி.மீ. பிசகினால் முடுக்கம் 1.1 பிசகும்; நம் காரில் அது 50 குதிரைத்திறனைத் தாண்டும். அடுத்தடுத்த இரண்டு வேகங்களைக் கழித்து வரைந்த கோடு ரம்பப்பல்லாக ஏறி இறங்குவது இதனால்தான். அதன் உச்சியை மட்டும் எடுத்து ‘என் கார் இவ்வளவு’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

வழி ஆர்பிஎம்மில் இருக்கிறது. அது இரண்டு பைட்டில், கால் சுற்று நுணுக்கத்தில் வருகிறது. கியர் மாறாமல், கிளட்ச் வழுக்காமல் இருந்தால் வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில் ஏறும். 4,000 ஆர்பிஎம் என்பது 16,000 படி. அதிலிருந்து வேகத்தைத் திருப்பிக் கணக்கிட்டு, சில நொடிகளுக்குச் சேர்த்து நேர்கோடு பொருத்தினால் முடுக்கம் சீராகக் கிடைக்கும். பதிவின்போது ஆர்பிஎம் ஒன்றை மட்டும் கேட்டால் பதில்களும் நெருக்கமாக வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும்வரை இந்த வித்தை செல்லாது.

சரிபார்க்க இன்னொரு சாட்சி உண்டு: ஏர் ஃப்ளோ சென்சார். பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நொடிக்குச் சுமார் 0.8 கிராம் காற்று என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. நம் கார் 100 கிராம் இழுத்தால் 125. எடையையோ சாலையையோ தொடாமல் வரும் எண் என்பதால் இரண்டும் பக்கத்தில் நின்றால் நம்பலாம். விலகினால் முதலில் எடையையும் சாலையையும் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சாலையில் 1 சதவீத ஏற்றமே நம் காரிடம் 90 கி.மீ. வேகத்தில் நாலரைக் குதிரைத்திறனை விழுங்கும். அதே சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும். சீரான காற்றின் பாதிப்பும் பெரும்பகுதி போய்விடும்.