வளர்ப்பு இறாலில் களைக்கொல்லியின் பாதிப்பு

வயலிலும் குட்டைக் கரையிலும் தெளிக்கும் களைக்கொல்லி தண்ணீரில் கலந்து, வளர்ப்பு இறாலின் செரிமானம், நோய் எதிர்ப்பு, தோலுரிப்பு ஆகியவற்றைக் கெடுக்கக்கூடியது. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள். அதனால் பூச்சிக்கொல்லி என்றால் பண்ணையாளர்கள் உஷாராகிவிடுவார்கள். களைக்கொல்லி செடிக்கான மருந்துதானே என்ற அலட்சியம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணம் பாதிதான் சரி.

1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, செடிகளிலும் சில நுண்ணுயிர்களிலும் மட்டும் உள்ள ஒரு நொதியை முடக்குகிறது; விலங்குகளுக்கு அந்த நொதியே கிடையாது. ஆனால் கடையில் வாங்கும் புட்டியில், மருந்து இலைக்குள் இறங்குவதற்காகச் சேர்த்த பரப்புச் செயலியும் இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்குப் பல சமயம் மூல மருந்தைவிட இதுவே கொடியது, செவுளை அரிக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை வேறு. செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அது செடியில் மட்டுமல்ல, விலங்குத் திசுவிலும் உருவாக்கும். களிமண்ணில் இறுக ஒட்டிக்கொள்வதால் தண்ணீரில் தங்குவது குறைவு. அட்ரசின் என்ற இன்னொரு களைக்கொல்லி அப்படி ஒட்டாது, தண்ணீரோடு போய்விடும்.

அடி முதலில் விழுவது பெரும்பாலும் கணையக்கல்லீரலில். செரிப்பது, கொழுப்பைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது என மூன்று வேலையும் இந்த ஓர் உறுப்புக்குத்தான். நஞ்சேறினால் கொழுப்புச் செல்கள் குறைந்து, உறுப்பு சுருங்கி வெளிறும். தீவனத்தைச் சோதிக்கும் செக் டிரேயைத் தூக்கினால் தீவனம் அப்படியே கிடக்கும். இறாலின் குடல் அறுந்தறுந்து தெரியும். இரத்தச் செல்களும் குறையலாம். இறாலுக்கு ஆன்டிபாடிகள் உருவாவதில்லை. அதன் காவல் பெரும்பாலும் இந்தச் செல்களை நம்பியே இருக்கிறது. அதனால், நல்ல நிலையில் இருந்தால் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய விப்ரியோ பாக்டீரியா தொற்றுக்கும் இறால் எளிதில் இரையாகும்.

தண்ணீரும் கெடும். மிதவைப் பாசி செத்தால் குட்டை திடீரென்று தெளியும். பாசி அழுக ஆக்சிஜன் செலவாகும். பாசி உறிஞ்சியிருந்த அம்மோனியா ஏறும். விடியற்காலையில் இறால் மேலே வந்து மிதப்பது இதனாலும் இருக்கலாம்.

நடவு முடிந்த 3-ஆம் நாள் வாக்கில் தேங்கிய நீரில் பூட்டாகுளோர் என்ற களைக்கொல்லியை இடுவது நெல் வயல் வழக்கம். அடுத்தடுத்த நாட்களில் கனமழை பெய்தால் அது வடிகாலில் இறங்கும். வேதாரண்யம், சீர்காழி போன்ற காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதிகளில் வயலுக்குக் கீழேதான் குட்டைகள் இருக்கின்றன. கேரளத்தின் பொக்காளி வயல்களில் நெல்லும் இறாலும் மாறி மாறி வளர்வதால், அங்கே மரபாகவே மருந்து அடிப்பதில்லை.

இறால் செத்ததும் பி.சி.ஆர். சோதனைக்கு ஓடுகிறோம். அது நோய்க்கிருமியின் மரபணுவைத்தான் தேடும்; களைக்கொல்லியைக் காட்டாது. வைரஸ் இருந்தாலும் அது முதல் காரணமா, கடைசிக் காரணமா என்று சொல்லாது. மழைக்குப்பின் வடிகால் நீரை ஏற்றாமல் இருப்பதும், கரைப் புல்லை அரிவாளால் அறுப்பதும் செலவில்லாத தற்காப்பு. சந்தேகம் வந்தால், தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே சுத்தமான புட்டியில் மாதிரி எடுத்து, ஐஸில் வைத்து எச்ச ஆய்வுக்கு அனுப்புங்கள்; மாற்றியபின் எடுத்த மாதிரியால் பயன் இல்லை.