லிங்க் ஷேர் பண்ணா காசு வருமா? அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றால் என்ன?

இ-புக், வீடியோ கோர்ஸ் போன்றவற்றை விற்றுக்கொடுத்து கமிஷன் வாங்குவதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கியது. டிஜிட்டல் பொருட்களுக்குப் பெயர்பெற்ற கிளிக்பேங்க் 1998-ல் வந்தது.

எப்படி வேலை செய்யும்?
உங்களுக்கென தனி லிங்க் தருவார்கள். அதன் வழியாக யாராவது வாங்கினால்தான் கமிஷன். வாங்கியவர் ரீஃபண்ட் கேட்டால் அதுவும் போச்சு!

முதலில் என்ன பார்க்கணும்?
அந்தத் தலைப்பை மக்கள் தேடுகிறார்களா என கூகுள் ட்ரெண்ட்ஸில் பாருங்கள். ஏற்கெனவே விற்கும் கோர்ஸ்களின் ஒற்றை ஸ்டார் ரிவ்யூக்களைப் படியுங்கள். வாங்கியவர்களுக்கு எது கிடைக்கவில்லை என்பது அதில் தெரியும்.

உஷார்!
சேரவே பணம் கட்டு, ஆள் சேர்த்தால்தான் காசு என்றால் விலகிவிடுங்கள். கமிஷன் வாங்குவதை மறைத்துப் பரிந்துரைக்காதீர்கள். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, பரிந்துரைப்பவருக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு.