நேர்ச்சையும் நத்ரும்

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வைகாசிக் குளிர்த்திக்குப் போகிறவரும், நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பேரால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நடக்கும் கொடியேற்றத்துக்கு வருகிறவரும் வாயில் வைத்திருப்பது ஒரே சொல்: "நேத்தி ஒண்டு இரிக்கி." எழுத்தில் அது நேர்த்தி, நேர்ச்சை. இதனாலேயே, "அது கோவில் சொல், நமக்கு நத்ர் போதும்" என்பார் நம்மில் உளர். சொல்லை விட்டுவிடுமுன் அதன் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நேர்தல் என்றால் உடன்படுதல், வாக்களித்தல். ஆகவே நேர்ச்சை என்பது கொடுத்த பொருளல்ல, கொடுத்த வாக்கு. நத்ரும் அதுவே: மார்க்கம் கட்டாயமாக்காத ஒரு நற்செயலைத் தன்மேல் தானே கட்டாயமாக்கிக்கொள்வது.

வாக்கு நிறைவேறும்வரை நம் மக்கள் அதை 'நேத்திக்கடன்' என்பர். ஹஜ் செய்ய நேர்ந்து, செய்யாமலே மவுத்தான தாய்க்காக மகள் ஹஜ் செய்யலாமா என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். தாய்க்குக் கடன் இருந்தால் அடைப்பாய் அல்லவா, அல்லாஹ்வின் கடனே அடைக்கப்பட அதிகம் தகுதியானது என்ற கருத்தில் விடை வந்தது. புகாரியில் உள்ள செய்தி இது. நம் மூத்தம்மாமார் சொன்ன 'கடன்' அங்கேயும் கடன்தான்.

ஆட்டை 'நேர்ந்து விடுதல்' என்கிறோம். விட்டபின் அது நம் ஆடல்ல. இம்ரானின் மனைவி வயிற்றுப் பிள்ளையை நேர்ந்தபோது குர்ஆன் (3:35) கையாளும் சொல் 'முஹர்ரர்', விடுவிக்கப்பட்டது. அப்படி விடப்பட்ட பிள்ளைதான் மர்யம் (அலை).

கடன், விடுதல் என்னும் இரு பொருளும் தமிழிலும் உண்டு, அரபியிலும் உண்டு. எனவே பிழை சொல்லில் இல்லை. யாருக்கு, எதற்கு நேர்கிறோம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். அல்லாஹ்வுக்கு வழிப்படுவதாக நேர்ந்தவர் வழிப்படட்டும், மாறுசெய்வதாக நேர்ந்தவர் மாறுசெய்ய வேண்டாம் என்பதே நபிவழி. நேர்ச்சை விதியை மாற்றாது, உலோபியிடமிருந்து பொருளை வெளியே எடுக்கும், அவ்வளவே என்றும் ஹதீஸ் உண்டு.

நத்ர் என்று சொன்னாலும் நேத்தி என்று சொன்னாலும் கடன் கடன்தான். சொல்லை மாற்றினால் அது அடைபடாது.