பங்க்கம்: சபைக்கில்லாத பேச்சு

'விசர்க்கதை கதையாத' எண்டு நாங்கள் சொல்லுவம். ஆங்கிலத்தில் இதற்குக் கிட்டவாக வரும் ஒரு சொல் 'பங்க்கம்'. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விசர்க்கதை யோசிக்காமல் வருவது. பங்க்கம் நல்லாக் கணக்குப் போட்டு வருவது.

இந்தச் சொல் ஓர் ஊரின் பெயர். அமெரிக்காவின் வட கரோலைனாவில் பங்க்கம் என்றொரு மாவட்டம் இருக்கு. 1820 பெப்ரவரியில், புதிதாகச் சேரும் மிசூரி மாநிலத்தில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்று காங்கிரஸ் விவாதித்தது. வாக்கெடுப்பு நெருங்கிய நேரத்தில் பீலிக்ஸ் வோக்கர் என்ற உறுப்பினர் எழும்பி நீளமாகப் பேசத் தொடங்கினார். நிறுத்தச் சொல்லி மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். தான் பேசுவது பங்க்கத்துக்காக என்றார் அவர். பங்க்கம் அவருடைய தொகுதிக்குள் இருந்தது. மனிதரை விற்று வாங்குவதா என்ற கேள்வி நடுவில் கிடக்க, ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு பேச்சு!

பிறகு எழுத்து மாறியது. 'பங்க்' என்று சுருங்கியது. 1923இல் வில்லியம் உட்வர்ட் தன் நாவலில் 'டீபங்க்' என்ற சொல்லை உருவாக்கினார். பொய்ச்செய்தியை உடைப்பவர்கள் இன்று பாவிப்பது அதைத்தான்.

தலைமன்னாரில் இருந்து பார்த்தால் இந்தச் சொல் நல்லா விளங்கும். 1974 ஒப்பந்தத்தில் கச்சதீவு இலங்கைக்கு வந்தது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு விழுந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் கச்சதீவும் வரும். 2024 பொதுத்தேர்தலிலும் வந்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் அதை மீட்கத் தீர்மானமே போட்டது.

ஆனால் எங்கட பக்கத்துக் கடற்தொழிலாளரின் பிரச்சினை 285 ஏக்கர் தீவு அல்ல. இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகுது. சின்னப் படகுக்காரர் போட்ட வலையையும் அறுக்குது. 2016இல் இரண்டு நாடுகளும் இழுவைமடியைக் கைவிடும் வழியைப் பற்றிப் பேசின. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் இன்னும் வருது. கைதாகிச் சிறைக்குப் போவது அங்கத்தைய கூலித் தொழிலாளி.

எங்கட அரசியல்வாதிகளும் குறைவில்லை. கரையில் நின்று கமராவுக்கு முழங்குவினம். அறுந்த வலைக்கு நட்டஈடு கேட்டால் ஆளைக் காணக் கிடைக்காது.

இனி ஒரு பேச்சைக் கேட்டால் அது உண்மையோ பொய்யோ என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆருக்குக் கேட்கவேண்டும் என்று பேசப்படுகுது? அதையும் பாருங்கள்.