அப்பனைப் பிடிச்ச மகன், காணாமப் போன பாண்டியன்

போடிப் பக்கத்து ஊர்ப் பேர்களைக் கொஞ்சம் வரிசையாச் சொல்லிப் பாருங்க மக்களே. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் (இப்போ சுருங்கி கண்டமனூர்). ஒவ்வொரு ஊர்ப் பேருக்குள்ளயும் ஒரு ஆள் உக்காந்திருக்கார். எல்லாம் பழைய பாளையங்கள். பொட்டிபுரத்துல நின்னு மேற்கே பார்த்தா மதில் மாதிரி எழும்பி நிக்குதே மலை, அதோட அடிவாரத்துல காவல் காத்து, வரி வசூலிச்சு, மதுரையில இருந்து ஓலை வந்தா ஆள் அம்போட கிளம்பிப் போனவங்க.

அந்த மதுரையில இவங்களுக்கெல்லாம் மேல உக்காந்திருந்த குடும்பத்தோட ஆரம்பக் கதைதான் இந்தப் பதிவு. கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பாதியில கொட்டாவி விடாதீங்க, கடைசியில ஒரு கேள்வி இருக்கு :-)

முதல்ல கதை. விஜயநகரத்துல கிருஷ்ணதேவராயர் (1509–1529) அரண்மனையில நாகம நாயக்கர்னு ஒரு பெரிய அதிகாரி. கோட்டியம் நாகம நாயக்கர்னு சொல்லுவாங்க. ரொம்ப நாளாப் பிள்ளை இல்லாம, காசிக்குப் போய் வேண்டிக்கிட்டுப் பிறந்த பையனுக்கு விசுவநாதன்னு பேர் வச்சார். பையன் வளர்ந்து ராயர் கண்ணுல படற மாதிரி ஒரு வேலை செஞ்சான். கழுத்தை மறைக்கிற அளவுக்குக் கொம்பு நீண்ட ஒரு காட்டெருமையை ஒரே வெட்டுல சாய்ச்சானாம். ராயருக்குப் பையனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இந்த நேரத்துல தஞ்சாவூர்ல இருந்து வீரசேகர சோழன்னு ஒருத்தன் மதுரை மேல படையெடுத்து, சந்திரசேகர பாண்டியனை விரட்டிட்டான். பாண்டியன் நேரா ராயர்கிட்ட ஓடிவந்து முறையிட்டான். ராயர் நாகம நாயக்கரைப் படையோட அனுப்பினார். நாயக்கர் போனார், சோழனை ஜெயிச்சார், மதுரையைப் பிடிச்சார். பாண்டியன்கிட்ட கொடுத்தாரா? இல்லை. தானே வச்சுக்கிட்டார்!

ராயருக்கு வந்ததே கோபம். சபையில கேட்டார், "இந்தத் துரோகி தலையை யார் கொண்டு வருவீங்க?" யாரும் வாயைத் திறக்கலை. விசுவநாதன் எழுந்தான். "நான் போறேன்." ராயருக்கே சந்தேகம், அப்பனும் மகனும் சேர்ந்துக்கிட்டா என்ன பண்றதுன்னு. ஆனா பையன் சொன்ன சொல் தவறலை. அப்பனோட சண்டை போட்டு, ஜெயிச்சு, பிடிச்சுக்கிட்டு வந்து ராயர் முன்னாடி நிறுத்தினான். மகனோட விசுவாசத்துக்காக அப்பனுக்கு மன்னிப்பு. மகனுக்கு மதுரை. கதை முடிஞ்சுது, சுபம்.

கண்ணுல தண்ணி வருதில்ல? எனக்கும் முதல் தடவை படிச்சப்போ வந்துச்சு. போடி ஜமீன் அரண்மனைச் சுவர்ல ராமாயணத்தை ஓவியமா வரைஞ்சு வச்சிருக்காங்க. அப்பன் சொல்லைக் காப்பாத்தக் காட்டுக்குப் போன மகனை அரண்மனைச் சுவர்ல பார்த்து வளர்ந்த மண்ணுல, அப்பனையே பிடிச்சுக் கொடுத்த மகனும் பெரிய நாயகன்தான். அப்படி ஒரு முரண்.

சரி, இப்போ கொஞ்சம் சந்தேகக் கண்ணோட பார்ப்போம்.

சந்தேகம் ஒண்ணு: அந்தச் சோழன் யாருப்பா? சோழப் பேரரசு மூன்றாம் ராஜேந்திரனோட 1279-ல் முடிஞ்சுபோச்சு. அதுக்கு இருநூத்தி நாற்பது வருஷம் கழிச்சு தஞ்சாவூர்ல ஏது சோழ ராஜா? அந்தப் பேரை வச்சுக்கிட்ட ஒரு குறுநிலத் தலைவரா இருந்திருக்கலாம்ங்கறதுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்ற சமாதானம்.

சந்தேகம் ரெண்டு: இந்தக் கதை எங்கே இருந்து வருது? நடந்த காலத்துக்கு ரொம்பப் பின்னாடி எழுதின வரலாற்றுச் சுவடிகள்ல இருந்து. அதுல பலதை வில்லியம் டெய்லர் 1835-ல் மொழிபெயர்த்து அச்சுல கொண்டு வந்தார். பாளையக்காரங்க வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி சேகரிச்சு வச்சார். இவர் 1815-ல் இந்தியாவோட முதல் தலைமை நில அளவையாளரா ஆனவர். இதையெல்லாம் கல்வெட்டோட ஒப்பிட்டு 1924-ல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதினவர் சத்தியநாத ஐயர். விசுவநாதர் பதவிக்கு வந்த வருஷம் 1529-ன்னு எடுத்துக்கிட்டவர் இவர். அதுக்கு முன்னாடி, 1559-ன்னு முப்பது வருஷம் தள்ளி வச்சவங்களும் உண்டு. வருஷத்துலயே இவ்வளவு இடைவெளி இருந்தா, சபையில யார் எழுந்து என்ன வசனம் பேசினாங்கங்கறதை எவ்வளவு நம்பறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இதே மாதிரி ஒரு குடும்பக் கதை கிட்டத்தட்ட அதே காலத்துல இங்கிலாந்துலயும் நடந்துச்சு. அங்கே ரெண்டு அரச குடும்பக் கிளைகள் முப்பது வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. 1485 ஆகஸ்ட் 22-ல் பாஸ்வொர்த் போர். ராஜா மூன்றாம் ரிச்சர்ட் ஒரு பக்கம், சிம்மாசனம் கேட்டு வந்த ஹென்றி டியூடர் மறு பக்கம். நடுவுல படையோட நின்னது ஸ்டான்லி குடும்பத்து அண்ணன் தம்பி, தாமஸும் சர் வில்லியமும். அண்ணன் தாமஸ் கட்டிக்கிட்டது ஹென்றியோட அம்மாவை, அதாவது ஹென்றி அவருக்கு மாற்றுப் பிள்ளை. சொந்தப் பிள்ளையோ ரிச்சர்ட் பாசறையில பிணைக் கைதி! அண்ணன் அசையாம நின்னார். தம்பி வில்லியம் கடைசி நேரத்துல ஹென்றி பக்கம் பாஞ்சார். ரிச்சர்ட் செத்தார், ஹென்றி ராஜா ஆனார், அண்ணன் டெர்பி பிரபு ஆனார். பிணைக் கைதியா இருந்த பையனும் தப்பிச்சான்.

ஆனா வில்லியம்? பத்தே வருஷம். எட்வர்ட் ராஜாவோட மகன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் கிளம்பினான். அவன் நிஜமாவே எட்வர்ட் மகனா இருந்தா அவனுக்கு எதிரா வாள் எடுக்க மாட்டேன்னு வில்லியம் சொன்னதாப் புகார். தான் காப்பாத்தின அதே ராஜா 1495-ல் அவர் தலையை வெட்ட வச்சார்.

இந்தப் பக்கம் பாருங்க. நாகம நாயக்கர் ராஜ்யத்துக்கே துரோகம் பண்ணினார், தலை தப்பிச்சுது. அந்தப் பக்கம் சர் வில்லியம் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதா வந்த புகாருக்கே தலை போச்சு. ரெண்டு இடத்துலயும் ஒரு விஷயம் பொது. ஒரே குடும்பத்துல ஒருத்தர் இந்தப் பக்கமும் இன்னொருத்தர் அந்தப் பக்கமும் நின்னா, யார் ஜெயிச்சாலும் குடும்பம் பிழைச்சுக்கும். அப்பன் ஜெயிச்சிருந்தா மதுரை நாயக்கர் குடும்பத்துக்கு. மகன் ஜெயிச்சான், அப்பவும் மதுரை நாயக்கர் குடும்பத்துக்கு!

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன கேள்வி. முறையிட்டவன் யாரு? பாண்டியன். வழக்கு யாரோடது? பாண்டியனோடது. தீர்ப்புல அவனுக்கு என்ன கிடைச்சுது?

கதையைத் திரும்பப் படிங்க. அப்பன் மகன் சண்டை சூடு பிடிச்சதும் பாண்டியன் மேடையை விட்டே இறங்கிடறான். நாமளும் அவனை மறந்துடறோம். விசுவாசத்தைப் பத்தின இந்தக் கதையோட சாமர்த்தியமே அதுதான்னு எனக்குத் தோணுது. அப்பன் பிடுங்கினா துரோகம், மகனுக்கு ராயர் கொடுத்தா பரிசு. நிலம் ஒண்ணுதான், உரியவன் கைக்கு அது ரெண்டு தடவையும் போகலை.

உண்மையில பாண்டியர்கள் செத்துப் போகலை. தென்காசியில இருந்தாங்க. 1530கள்ல விஜயநகரத்துல அச்சுதராயர் காலம். அவர் படை தாமிரபரணி வரைக்கும் வந்து, திருவிதாங்கூர் அரசரை அடக்கிப் பாண்டியரை நிலைநிறுத்தினதாக் கல்வெட்டு பேசுது. அந்தச் சமயத்துல ஆண்ட ஸ்ரீவல்லப பாண்டியன் தனக்கு வச்சுக்கிட்ட பட்டம் என்ன தெரியுமா? 'இறந்தகாலமெடுத்தவன்'. போன காலத்தைத் திரும்ப எடுத்தவன்னு அர்த்தம். அந்தப் பேர்லயே ஒரு ஏக்கம் இருக்கில்ல? ஆனா எடுத்தது தென்காசிக் காலத்தை மட்டும்தான். மதுரை திரும்பி வரலை. நைடதம் பாடின அதிவீரராம பாண்டியனும் அதே தென்காசிக் கிளைதான். அவர் பாடிக்கிட்டிருந்தப்போ மதுரையில விசுவநாதரோட பிள்ளை பேரன் ஆட்சி.

விசுவநாதரும், அவர் தளவாய் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டை 72 பாளையமாப் பிரிச்சதா மரபு. அரியநாதர் தொண்டை மண்டலத்து மெய்ப்பேடு ஊர்க்காரர். மதுரைக் கோட்டையில 72 கொத்தளம், ஒரு கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். வரியில மூணுல ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. நம்ம போடியும் அந்தக் கணக்குல ஒண்ணு.

இந்தப் பாளையக்காரங்களுக்குச் சொல்ல அப்பன் மகன் கதையை விடப் பொருத்தமான கதை கிடைக்குமா? 'பெத்த அப்பனே ஆனாலும் மேலிடத்தை எதிர்த்தா விட மாட்டோம்' அப்படீங்கற சேதி அதுல இருக்கு. அதையும் மீறித் தும்பிச்சி நாயக்கர் மாதிரி ஆளுங்க விசுவநாதர் மகன் கிருஷ்ணப்பர் (1564–1572) காலத்துலயே எதிர்த்துப் பார்த்து அடி வாங்கினாங்க.

ஆனா சேதி சொன்ன குடும்பம் அதைக் கேட்டுச்சா? 1616 வாக்குல விஜயநகர வாரிசுச் சண்டையில முத்து வீரப்ப நாயக்கர் சேர்ந்தது பட்டத்துக்கு உரிய ராமதேவனை எதிர்த்த கூட்டத்துல. தோப்பூர்ல தோத்தார். அவருக்கு அடுத்து வந்த திருமலை நாயக்கர் (1623–1659) ராயருக்குக் கப்பம் கட்டறதையே நிறுத்தி, ராயருக்கு எதிரா சுல்தான்கள் கூட உறவு வச்சுக்கிட்டார். நாகம நாயக்கர் ஒரே தாவுல செய்யப் பார்த்ததை, வாரிசுங்க நூறு வருஷத்துல நிதானமா செஞ்சு முடிச்சாங்க. இந்தத் தடவை பிடிச்சுக்கிட்டு வர ஒரு விசுவநாதன் இல்லை.

பாளைய வம்சாவளிகளைப் படிக்கிறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். 'எங்க முன்னோர் வடக்கேயிருந்து வந்தார், வீரம் காட்டினார், பாளையம் வாங்கினார்'னு வரும். சந்தோஷமாப் படிங்க, அதுல தப்பில்லை. கூடவே, அதுக்கு முன்னாடி அந்த நிலம் யார் கையில இருந்துச்சுன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. மலைச்சரிவுல ஏற்கனவே இருந்தவங்க பேர் எந்த ஊர்ப் பேருக்குள்ளயும் உக்காரலை. சந்திரசேகர பாண்டியனுக்காவது கதையில ஒரு பேர் கிடைச்சுது.

கொசுறு: அந்த 72 கொத்தளக் கோட்டையைத் தேடி மதுரைக்குப் போயிடாதீங்க. 1840 வாக்குல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல இடிச்சுட்டாங்க. இடிக்கிற வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி ரெண்டு பேர் பேர்லயும் இன்னைக்கும் மதுரையில வீதி இருக்கு. கட்டினவங்களை விட இடிச்சவங்களைத்தான் அங்கே தினமும் ஆட்டோக்காரங்க கூப்பிடறாங்க :-)

உங்க ஊர் எந்தப் பாளையத்துல இருந்துச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க.